இடது ஆறு, வலது ஐந்து

பெட்டியை மேலே வைக்க வேண்டாம் ஆன்ட்டி, மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் மறந்துபோய் இறங்கிவிடுவேன். மறக்க மாட்டேன், மறந்த மாதிரி இறங்கிவிடுவேன். இதை எந்தச் சாக்கடையில் போட்டுத் தொலைக்கலாம் என்று நேற்று அரை நாள் யோசித்தவள் நான்.

குண்டெல்லாம் இல்லை. செருப்புதான். லேடீஸ் ஹீல்ஸ், கோல்டு கலர். நீங்கள் என் காலில் இருக்கிற பிளாஸ்திரியைப் பார்த்தீர்கள், அப்புறம் பெட்டியைப் பார்த்தீர்கள், திரும்பக் காலைப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். கேட்காமல் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. நான் வாழப்பாடியில் இறங்க வேண்டும். நீங்கள் ஆத்தூரா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. இந்த முந்திரிக்கொத்து நீங்கள் செய்ததா? ஒன்று போதும்.

என் பேர் ஜீவிதா. பதினொன்றாவதோடு நின்றுவிட்டேன். ஃபெயிலா என்று கேட்பார்கள். ஃபெயில் இல்லை, பிடிக்கவில்லை. ஒரே பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார எனக்கு ஆகாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை, பின்னால் ஏதோ கதை இருக்கும் என்று நினைக்கிறார்கள். எங்கம்மா நம்பினார். "உக்கார முடியலன்னா நில்லு. நாள் பூரா நின்னு பாத்தாத்தான் பெஞ்சோட அருமை தெரியும்" என்று சொல்லி, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செருப்புக் கடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். உண்மையிலேயே நிறுத்திவிட்டார். சேல்ஸ் கேர்ள் உட்காரக் கூடாது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. அது தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். பில் போடுவதற்கு முன்னால் இரண்டு செருப்பையும் எடுத்து, அடியோடு அடி சேர்த்து, வாங்குகிறவர் கண் முன்னால் காட்ட வேண்டும். குதி குதியோடு சேர வேண்டும், நுனி நுனியோடு சேர வேண்டும். அப்புறம் "ஜோடி சரி" என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். சும்மா இல்லை. ஒரே மாடலில் ஐந்தாம் நம்பரையும் ஆறாம் நம்பரையும் போட்டுப் பார்ப்பார்கள், கழற்றிப் போடுவார்கள், இது அந்தப் பெட்டிக்குள் போய்விடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. சேர்த்துப் பிடித்தால் ஒன்று கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தனக்கொடி அக்கா. கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் லேடீஸ். நான் பால்வாடி போன காலத்திலிருந்து அவர் அந்தக் கடையில் இருக்கிறார். ஜோடி சேர்க்கும்போது பார்க்க வேண்டும் நீங்கள், செருப்பு இரண்டையும் நெஞ்சுக்கு நேரே கும்பிடுகிற மாதிரி பிடிப்பார். எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து கவுன்ட்டரிலிருந்து "சாமி வரம் குடுத்துருச்சா அக்கா?" என்று கேட்பேன். உடனே சிரிக்க மாட்டார். மறுநாள் சாப்பிடும்போது திடீரென்று சிரிப்பார். "நேத்துச் சொன்னியே, இப்பத்தான் புரிஞ்சுது" என்பார். கொஞ்சம் மந்தம். கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. மெதுவான ஆள். எனக்கு மெதுவான ஆட்களைக் கண்டால் கையும் காலும் பரபரக்கும், ஆனால் அவரிடம் கோபப்பட முடியாது. அவர் டப்பாவில் இருக்கிற பொரியலில் பாதி எப்போதும் என் டப்பாவுக்கு வந்துவிடும்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன்.

மே மாசக் கடைசி. ஏற்காட்டில் கோடை விழா. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்தவெளி மேடையில் பாட்டுக் கச்சேரி என்று அபிநயா போன் பண்ணினாள். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள், காலேஜ் சேரப் போகிறாள். அவளும் இன்னும் இரண்டு பேரும் போகிறார்களாம். "நீயும் வாடி. லீவு குடுப்பாங்களா உனக்கு?" என்றாள்.

அந்த "உனக்கு" இருக்கிறதே, அது சரியில்லை. வேண்டுமென்று சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, எனக்குத் தெரியாது. ஆனால் நான் உடனே "ஏன் குடுக்க மாட்டாங்க, வரேன்" என்று சொல்லிவிட்டேன். குடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். எங்களுக்குத் தீபாவளியை விட இதுதான் சீசன், குழந்தைகளின் கறுப்பு ஷூவுக்கு வரிசையில் நிற்பார்கள். போதாததற்கு வைகாசி முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று முதலாளி செங்கோடனிடம் கேட்டால் மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்ப்பார். அவ்வளவுதான், பதில் அதுதான்.

சுடிதார் இருந்தது. காதுக்கு இருந்தது. காலுக்கு இல்லை. செருப்புக் கடையில் வேலை செய்கிறவளுக்குச் செருப்பு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இதோ இந்த ரப்பர் செருப்புதான், நாள் பூரா நிற்க இதுதான் தோது. ஆனால் அபிநயா ஒருத்தியைப் பார்த்தால் முதலில் பார்க்கிற இடம் கால். ஸ்கூலில் இருந்தே அப்படித்தான்.

சனிக்கிழமை கடை மூடும்போது மாடி ஸ்டாக் ரூமிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறாம் நம்பர், என் அளவு. திருடவில்லை ஆன்ட்டி. அப்படிப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலையில் திரும்ப வைப்பதாகத்தான் இருந்தேன். சோல் அழுக்காகக் கூடாது என்று வீட்டில் உட்கார்ந்து அடியில் பாக்கிங் டேப் ஒட்டினேன். சோல் அளவுக்குச் சரியாக வெட்டி, ஓரமெல்லாம் நகத்தால் தேய்த்து, அவ்வளவு சுத்தமாக ஒட்டினேன். ரெக்கார்டு நோட்டுக்கு அப்படி அட்டை போட்டிருந்தால் சயின்ஸ் மிஸ் என்னைத் தலையில் தூக்கி வைத்திருப்பார்.

டேப் ஒட்டத் தெரிந்த எனக்கு ஜோடி சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முந்தின நாள் ஒரு அம்மா வந்து அதே மாடலில் ஐந்தும் ஆறும் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டும் வேண்டாம் என்று போய்விட்டார். எடுத்துப் பெட்டியில் போட்டது நான்தான். கூட்டம், அவசரம். இதில் ஒன்று அதில் ஒன்று போட்டு மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனக்கொடி அக்காவுக்குப் போன் பண்ணி, குரலைக் கொஞ்சம் கம்ம வைத்துக்கொண்டு "காய்ச்சல் அக்கா" என்றேன்.

"ஐயோ கண்ணு. மாத்திரை போட்டியா?"

"போட்டேன். முதலாளி திட்டுவாரு."

"அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ரெண்டு கவுன்ட்டரையும் நானே பாத்துக்கறேன், நீ படு."

பாருங்கள், நான் சொல்லக்கூட இல்லை. அவரே சொன்னார், இரண்டு கவுன்ட்டரையும் பார்த்துக்கொள்வதாக.

பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் இதைப் போட்டேன். இடது கால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. வலது கால் போக மாட்டேன் என்றது. புதுச் செருப்பு அப்படித்தான் என்று நினைத்துத் திணித்தேன். நான் தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறேன், "போடப் போட லூஸ் ஆயிடும் மேடம்" என்று. ஆன்ட்டி, ஆகாது. இனிமேல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அபிநயா வந்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தாள். "சூப்பரா இருக்குடி, எங்க வாங்கின?"

"எங்க கடைதான்."

எங்க கடை. எப்படி வந்தது பாருங்கள் வாயில்.

மலை ஏறுகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கால் முன்னால் போய் முட்டியது. சுண்டுவிரல் போய்விட்டது என்றே நினைத்தேன். பாதி மலையில் கழற்றி, திருப்பி, டேப்புக்கு அடியில் நம்பரைப் பார்த்தேன். இடது ஆறு. வலது ஐந்து. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது முதலில். "என்னடி தனியாச் சிரிக்கற?" என்று அபிநயா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. என் மடியில் இது இருக்கிறது என்றால், கடையில் ஐந்தாம் நம்பர் பெட்டிக்குள் என்ன இருக்கும்? இடது ஐந்து, வலது ஆறு.

போன் கையில்தான் இருந்தது. சிக்னலும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தனக்கொடி அக்காவைக் கூப்பிட்டு "அந்தக் கோல்டு கலர் அஞ்சாம் நம்பரைக் குடுத்துராதீங்க" என்று சொன்னால் போதும். ஆனால் காய்ச்சலில் படுத்திருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எல்லாரும் கறுப்பு ஷூ வாங்குகிற நாளில் கோல்டு ஹீல்ஸ் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வைகாசி முகூர்த்தத்தை மறந்துவிட்டேன். மறக்கவில்லை. அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன். போனைப் பையில் போட்டேன்.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன் அண்ணா, வாழப்பாடி ஒன்று. இதோ.

எதில் விட்டேன்? கச்சேரி. உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை. கீழே சேலத்தில் தார் உருகிக்கொண்டிருக்க, மேலே துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்கிற குளிர். புல் தரையில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நிறையப் பேர் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஈரப் புல்லில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கழற்றவில்லை. கழற்றினால் திரும்பக் கால் உள்ளே போகாது என்று பயம். முக்கியமாக, அபிநயா அடியைப் பார்த்தால் டேப் தெரியும்.

பாடின அக்கா ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தார். ரிதம் பேட் வாசிக்கிறவர் அடிக்க ஆரம்பித்ததும் நாங்கள் எழுந்துவிட்டோம். அந்த அடி நேராக வயிற்றுக்குள் விழுகிறது. வலது காலில் விண் விண்ணென்று வலி, அதுவும் அந்தத் தாளத்துக்கே வலித்தது. சத்தியமாக. நான் ஆடினேன். ஸ்கூலை விட்டதிலிருந்து அப்படி ஆடவில்லை. இடது காலில் குதித்தேன், வலது காலைத் தூக்கிக்கொண்டேன், பக்கத்தில் இருந்த காலேஜ் பசங்கள் அதுதான் ஸ்டெப் என்று நினைத்து அதே மாதிரி நொண்டி நொண்டி ஆடினார்கள். அபிநயாவும் ஆடினாள். கொஞ்ச நேரம் அவள் காலேஜும் இல்லை, நான் கடையும் இல்லை.

அப்போது கரன்ட் போனது.

பேட் நின்றது, கீபோர்டு நின்றது, மைக் செத்தது. ஜனம் "ஓ" என்று கத்தினார்கள். அந்த அக்கா நிறுத்தவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, மேடை ஓரத்துக்கு வந்து நின்று, அந்தப் பாட்டை அப்படியே வெறும் குரலில் தொடர்ந்தார். கத்தினவர்கள் எல்லாம் ஒவ்வொருத்தராக அடங்கினார்கள். கடைசியில் ஒரு சத்தம் இல்லை. கடலை விற்கிறவர் கூடச் சட்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு குரல், மேலே பனி இறங்குகிறது. துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அப்படியெல்லாம் ஆகாது ஆன்ட்டி, நான் கல்யாண வீட்டிலேயே அழாதவள்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது.

எங்கள் கடை விளம்பரப் பாட்டுதான் என் ரிங் டோன், முதலாளி எல்லார் போனிலும் வைக்கச் சொல்லியிருந்தார். மைதானமே திரும்பிப் பார்த்தது. அபிநயா முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்துப் பார்த்தால் தனக்கொடி அக்கா. கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. இனி கட் பண்ணினாலும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார் என்று தெரியும், குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு "அக்கா" என்றேன்.

"தூங்கிட்டிருந்தியா கண்ணு? எப்படி இருக்கு? ஏதாச்சும் சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். கடையில் கூட்டம் இரைகிறது பின்னால், குழந்தை அழுகிறது, யாரோ "ஏம்மா, எவ்ளோ நேரம்" என்று கத்துகிறார்கள். அத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு, நான் சாப்பிட்டேனா என்று.

"கஞ்சி குடிச்சேன் அக்கா."

அப்போது கரன்ட் வந்தது. பேட் அடி, விசில், கைதட்டல், எல்லாம் ஒன்றாக.

அப்புறம், "டி.வி.யா கண்ணு?"

"ஆமாக்கா. பக்கத்து வீட்டுல."

"சரி. நல்லாப் போர்த்திக்க. குளிரும்" என்று வைத்துவிட்டார்.

மே மாசத்தில் சேலத்தில் குளிருமா? அதுதான் சொன்னேனே, கொஞ்சம் மந்தம். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்ப ஆடினேன். முன்னாடி ஆடினதை விட நன்றாக ஆடினேன், உண்மையைச் சொன்னால்.

திரும்பும்போது தூறல். மண் குழைந்து டேப் ஓரம் விட்டு, சேறு உள்ளே போய்விட்டது. ஒரு கல்லில் இடறி வலது செருப்பின் குதி முனை உரிந்தது. வீட்டுக்கு வந்து டேப்பை உரித்தால், சோலில் இருந்த தங்க எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. துடைத்தேன், எலுமிச்சம்பழம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை திரும்ப வைக்கிற திட்டம் அதோடு போச்சு. பெட்டியை அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிட்டுக் கடைக்குப் போனேன்.

நடக்க முடியவில்லை. வலது குதியில் தோல் போய்ச் சிவந்திருந்தது, சுண்டுவிரலில் கொப்புளம். தனக்கொடி அக்கா பார்த்ததும் ஸ்டூலில் உட்காரச் சொன்னார், முதலாளி இன்னும் வரவில்லை. கஸ்டமருக்கு உட்காருகிற மாதிரியே தரையில் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. வலது காலைப் பார்த்தார். அப்புறம் இடது காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஒரு கீறல் இல்லை. எழுந்து போய் அவருடைய பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்துவந்து ஒட்டினார். "காய்ச்சல் விட்டுருச்சா?" என்றார். "விட்டுருச்சுக்கா" என்றேன்.

மத்தியானம் ஒரு பையன் வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறான். கோல்டு கலர் செருப்பைக் கவுன்ட்டரில் போட்டான். போட்ட வேகத்தில் ஒன்றிலிருந்து பஞ்சு உருண்டை வெளியே வந்து விழுந்தது.

அவனுடைய அக்காவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். பொண்ணுக்கு ஐந்தாம் நம்பர் என்று சொல்லி இவன்தான் ஓடிவந்து வாங்கிப் போயிருக்கிறான். வலது கால் லூசாக இருக்கிறது என்று பியூட்டிஷியன் பஞ்சு வைத்து அடைத்துவிட்டாராம். போட்டோவுக்கு நின்று நின்று, மேடையிலிருந்து இறங்கும்போது செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மண்டபம் பூராப் பார்க்க விழுந்திருக்கிறாள்.

"விழுந்ததைக்கூட விடுங்க. மாப்பிள்ளை வீட்டுல ஒரு பெரியம்மா, 'மொத அடியே சறுக்குதே'ன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்குக் காலைல தாலி கட்டி அக்கினியைச் சுத்தி வரப்போ எங்கக்கா நொண்டறா, அத்தனை பேரும் அவ காலையே பாக்கறாங்க. இனிமே அந்த வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாக்கூட இதைத்தான் சொல்லுவாங்க. அவளுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி. நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்த அதே நேரம். எனக்கு வலது கால் இறுக்கம், அவளுக்கு வலது கால் லூசு. நான் இறுக்கத்தோடு ஆடினேன், அவள் லூசோடு சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

முதலாளி செருப்பை எடுத்து அடியோடு அடி சேர்த்தார். நீட்டிக்கொண்டு நின்றது.

"யாரு குடுத்தது?"

"நான்தாங்க" என்றார் தனக்கொடி அக்கா.

"ஜோடி பாத்தியா?"

"பாக்கலைங்க."

"நீ பாக்கல?" முதலாளிக்கு நம்பவே முடியவில்லை. "சரி, இதோட ஆறாம் நம்பர் பெட்டி எங்க? அதுலதான மாறியிருக்கணும்?"

மாடிக்குப் போய்த் தேடினார்கள். எங்கே இருக்கும், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. முதலாளி இறங்கி வந்து மறுபடி கேட்டார். தனக்கொடி அக்கா தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரேக் பக்கத்தில் நின்றிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "அண்ணா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று அந்தப் பையனைக் கேட்டேன்.

அவன் குடித்தான்.

தனக்கொடி அக்கா தலையை நிமிர்த்தாமலே, "என் தப்புதாங்க. பெட்டி எங்க போச்சுன்னு தெரியல. கூட்டத்துல நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

அக்காவின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார் முதலாளி. பையன் முன்னால் ஏதாவது செய்து காட்ட வேண்டும் இல்லையா. அக்கா அழவில்லை. டப்பாவை எடுத்துக் கூடையில் வைத்தார். போகும்போது என்னிடம் வந்து, "ராத்திரி பிளாஸ்திரியை எடுத்துரு கண்ணு. புண்ணுக்குக் காத்துப் படணும்" என்றார். வேலை போன அன்றைக்கு, பிளாஸ்திரியைப் பற்றி.

இப்போது அவருடைய கவுன்ட்டரில் நான் நிற்கிறேன். முதலாளிதான் நிறுத்தினார். தனக்கொடி அக்கா அவர் ஊரான வாழப்பாடியில், ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவப் போகிறார் என்று டீ கொண்டுவருகிற அண்ணன் சொன்னார். நாள் பூராத் தண்ணீரில் உட்கார்ந்து சீவ வேண்டும், விரலெல்லாம் வெடித்துவிடும். அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் மாமியாரும் பையனும் இருக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜோடி சேர்த்து "ஜோடி சரி" என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அதனால்தான் கிளம்பினேன். திட்டம் இதுதான். இந்தப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் நாளைக்குக் கடைக்குப் போய், "ரேக்குக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சுங்க, அன்னைக்கே ஞாபகம் வரல" என்று சொல்லட்டும். அவர் சொன்னால் முதலாளி நம்புவார். திரும்ப எடுத்துக்கொள்வார். என் பேரும் வெளியே வராது. யாருக்கும் கஷ்டமில்லை. ஏன் ஆன்ட்டி அப்படிப் பார்க்கிறீர்கள்? நல்ல யோசனைதானே? உரிந்திருக்கிறதே என்று கேட்டால் எலி கடித்தது என்று சொல்லட்டும்.

அவருக்கு நான் எடுத்தது தெரியாதே என்கிறீர்களா? அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது.

என்ன கேட்டீர்கள்? ஹார்ன் சத்தத்தில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள்.

காய்ச்சலில் படுத்திருந்த பொண்ணுக்குச் செருப்புக் கடி எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லையா.

கேட்கவில்லை.

இல்லை, கேட்கவே இல்லை. வலது காலைப் பார்த்தார். இடது காலையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கால் மட்டும் கடித்திருக்கிறது. அப்போது அந்தப் பையன் வரவில்லை. காலையில் அது. அப்புறம்தான் அவன் வந்தான். முதலாளி ஜோடி சேர்த்தார், நீட்டிக்கொண்டு நின்றது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு...

அவர் தரையைப் பார்க்கவில்லை ஆன்ட்டி.

நான் ரேக் பக்கத்தில்தானே நின்றேன். இந்த ரப்பர் செருப்போடு, இந்தப் பிளாஸ்திரியோடு. அவருக்கு நேர் எதிரே. ஜோக்குக்கு மறுநாள் சிரிக்கிற ஆள் என்று நான்... குளிரும், போர்த்திக்கொள் என்றாரே. சேலத்தில் எங்கே குளிரும்?

கொஞ்சம் இருங்கள். ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம்.

தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். என் காலைப் பார்த்துக்கொண்டே "பெட்டி எங்க போச்சுன்னு தெரியல" என்று சொல்லியிருக்கிறார். நான் அப்போது தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது போய் அவர் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்து, எலி கடித்தது என்று நீங்கள் சொல்லுங்கள் என்றால், அதையும் சொல்லுவார். அவர் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். அதுதான்.

வாழப்பாடி வந்துவிட்டதா? இன்னும் ஒரு ஸ்டாப்பா? இறங்கினதும் இந்தப் பக்கம் சந்தில் அவர் வீடு. ரோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் சேலம் பஸ் நிற்கும். கடை ராத்திரி வரை திறந்திருக்கும், முதலாளி கல்லாவில்தான் இருப்பார்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. என்னை எனக்குத் தெரியும். கடை வாசலுக்குப் போனதும் வேறு ஏதாவது வாயில் வரும். தண்ணி வேணுமா என்பேன். காலில் மாட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. கோல்டு கலர், வலது குதி உரிந்தது, நொண்டிக்கொண்டு உள்ளே போனால் முதலாளி முதலில் பார்க்கப்போவது அதைத்தான். அதற்கப்புறம் நான் என்ன பொய் சொல்ல?

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். இடது கால் போய்விட்டது. வலதுதான். பிளாஸ்திரியோடு போகாது, பிய்த்துவிடுகிறேன். ஆ. ஒன்றுமில்லை, போய்விட்டது.

கச்சேரிக்குப் போனதற்கு வருத்தமா என்று கேட்காதீர்கள். அந்த அக்கா மைக் இல்லாமல் பாடினது இன்னும் காதில் இருக்கிறது. அது போக மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய.

அண்ணா, வாழப்பாடி இறங்கணும்.

அந்த ரப்பர் செருப்பு சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும் ஆன்ட்டி. வேண்டாம், எடுத்துக் கொடுக்காதீர்கள். கையில் இருந்தால் ரோட்டைத் தாண்டுவதற்குள் மாற்றிக்கொள்வேன்.